முதல் கோடையில் வீட்டுத் தோட்டம்

புதிதாகப் போட்ட வீட்டுத் தோட்டம் தை, மாசி மாதங்களில் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். பாத்தியில் கீரை தளதளவென்று நிற்கும். தக்காளி பூ எடுக்கும். குழியில் வைத்த மாங்கன்று செந்நிறத் துளிர் விடும். அந்தத் தோட்டம் நிலைக்குமா, நிலைக்காதா என்பது பங்குனிக்குப் பிறகுதான் தெரியவரும். முதல் கோடையைத் தாண்டிய தோட்டம் பல ஆண்டுகளுக்குக் காயும் கனியும் தரும். முதல் கோடையிலேயே கருகிப்போன தோட்டத்தை மறுபடி போட வீட்டில் உள்ளவர்களுக்கு மனம் வருவதில்லை.

கரூர், காங்கேயம், தாராபுரம் வட்டாரத்து மானாவாரிப் பூமியில் இந்தச் சோதனை இன்னும் கடுமையானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் உள்ள பகுதி இது. மற்ற மாவட்டங்களில் கத்திரி வெயில் கழிந்தால் கோடை தணிந்தது என்று மூச்சு விடலாம். இங்கே அதன்பின் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆனி, ஆடிக் காற்று மண்ணில் உள்ள மிச்ச ஈரத்தையும் உறிஞ்சிவிடும். நல்ல மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆகவே தையில் போட்ட தோட்டத்துக்கு முதல் கோடை என்பது மாசிக் கடைசியில் தொடங்கி ஆடி வரை நீள்கிறது.

ஐப்பசி மழையோடு கன்றுகளை நட்டிருந்தால் வேர் நன்றாகக் கீழே இறங்கியிருக்கும். ஆனால் காட்டு வேலை முடிந்து பலருக்குக் கை ஓய்வது தையில்தான். இருக்கும் தண்ணீரை வைத்துத் தைத் தோட்டத்தைக் காப்பாற்றும் வழியை மாதவாரியாகப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு தோட்டம்

வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் ஐந்து சென்ட் நிலம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். செம்மண் பூமி. வீட்டில் ஐந்து பேர். தையில் இரண்டு தென்னங்கன்று, ஒரு ஒட்டு மா, ஒரு எலுமிச்சை, ஒரு கறிவேப்பிலை, இரண்டு முருங்கை, நான்கு பப்பாளி, மூன்று வாழை ஆகப் பதினான்கு கன்றுகள் வைத்தாயிற்று. இரண்டு சென்ட் அளவுக்குப் பாத்தி கட்டிக் கத்தரி, மிளகாய், தக்காளி, வெண்டை, கொத்தவரை, கீரை போட்டாயிற்று.

ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 300 கிராம் காய்கறி வேண்டும் என்பது ஊட்டச்சத்து வல்லுநர்களின் கணக்கு. ஐந்து பேருக்கு ஒன்றரைக் கிலோ. இதில் ஒரு பகுதியாவது பொடக்காலியிலிருந்து வந்தால் சந்தைச் செலவு மிச்சம். குழந்தைகளுக்குக் கீரையும் முருங்கையும் தட்டாமல் கிடைக்கும். இந்த எண்ணத்தோடுதான் தோட்டம் போடுகிறார்கள். ஆனால் பதினான்கு கன்றுகளும் இரண்டு சென்ட் காய்கறியும் சித்திரையில் ஒரே தண்ணீருக்குப் போட்டியிடும் என்பதைத் தையில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

தண்ணீர்க் கணக்கு

ஒரு சென்ட் என்பது ஏறக்குறைய 40 சதுர மீட்டர். பாத்தி முழுவதும் பயிர் மூடியிருந்தால் கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் உயரத்துக்காவது தண்ணீர் செலவாகும். காற்றும் வெயிலும் மிகுந்த நாளில் இன்னும் கூடும். ஐந்து என்று வைத்தாலே சென்ட்டுக்கு 200 லிட்டர் ஆகிறது. 15 லிட்டர்க் குடத்தில் 13 குடத்துக்கு மேல். இரண்டு சென்ட் காய்கறிக்கு நாள்தோறும் 27 குடம் வேண்டும்.

வீட்டில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது? 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்தில் கிராமங்களுக்கு வகுத்த அளவு ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஐந்து பேருக்கு 275 லிட்டர். குடிக்க, சமைக்க, மாட்டுக்குக் காட்டியது போக, குளித்த தண்ணீர், துணி அலசிய தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் சேர்த்து 180 லிட்டர் தேறினால் நல்லது. அது 12 குடம்.

இந்தப் பன்னிரண்டில் குளியல் தண்ணீர் நான்கு குடம் வாய்க்கால் வழியாக வாழைக்குப் போகட்டும். தென்னங்கன்றுக்கு நான்கு நாளைக்கு ஒருமுறை 45 லிட்டர், அதாவது மூன்று குடம் வேண்டும். மா, எலுமிச்சை, கறிவேப்பிலைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஒவ்வொரு குடம். பப்பாளிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் அரைக் குடம். முருங்கைக்கு நான்கு நாளைக்கு ஒரு குடம். இவற்றை நாள்வாரியாகப் பிரித்துப் பார்த்தால் நாலரை, ஐந்து குடம் ஆகிறது. மீதி மூன்று குடம்தான் காய்கறிக்கு. மூன்று குடத்தில் கால் சென்ட் பாத்திக்கு மேல் நனைக்க முடியாது.

இந்தக் கணக்கைப் பங்குனிக்கு முன்பே போட்டுப் பார்த்துவிட வேண்டும். போடாதவர்கள் இரண்டு சென்ட் பாத்திக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, கன்றுக்கும் அரைகுறையாக ஊற்றி, சித்திரை முடிவில் இரண்டையும் இழக்கிறார்கள். வெண்டை போனால் இரண்டு மாத உழைப்புதான் நட்டம்; அடுத்த பட்டத்தில் மறுபடி ஊன்றலாம். மாங்கன்று போனால் அடுத்த நடவுப் பருவம் வரை காத்திருந்து, புதுக் கன்று வாங்கி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். தென்னையில் நாட்டு நெட்டை ரகம் பாளை விடவே ஆறேழு ஆண்டு ஆகும். ஆகையால் முதல் கோடையில் தண்ணீர் முதலில் கன்றுக்கு, மீதிதான் காய்கறிக்கு.

கிணறு உள்ளவர்களும் இந்தக் கணக்கை மனத்தில் வைப்பது நல்லது. மாசியில் இரண்டு மணி நேரம் ஓடும் மோட்டார், சித்திரையில் அரை மணியில் காற்றை இழுப்பது இந்தப் பக்கத்தில் புதிதல்ல.

மாசி: வேர் பிடித்ததா என்று பார்க்கும் மாதம்

மாசியில் செய்ய வேண்டிய முதல் வேலை, ஒவ்வொரு கன்றும் வேர் பிடித்துவிட்டதா என்று பார்ப்பது. தென்னங்கன்றின் குருத்தும் அதற்கு அடுத்த மட்டையும் சேரும் இடத்தில் சுண்ணாம்பால் ஒரே நேராக இரண்டு பொட்டு வைக்கலாம். இரண்டு வாரத்தில் குருத்துப் பொட்டு மேலே ஏறியிருந்தால் கன்று வளர்கிறது என்று பொருள். அசையாமல் நின்றால் குழியைப் பார்க்க வேண்டும். குழியில் மண் சரிந்து கன்றின் கழுத்தை மூடியிருக்கலாம்; தண்ணீர் தேங்கியிருக்கலாம்; கறையான் ஏறியிருக்கலாம்.

மாங்கன்றில் ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே துளிர் வந்தால் உடனே கிள்ளிவிட வேண்டும். அது நாட்டு மாவின் துளிர். அதை விட்டால் மேலே உள்ள ஒட்டுக் கிளை நலிந்துவிடும். சில ஒட்டுக் கன்றுகள் நட்ட ஆண்டே பூங்கொத்து எடுக்கும். குழந்தைகள் ஆசையோடு பார்ப்பார்கள். ஆயினும் முதல் மூன்று ஆண்டுக்குப் பூவைக் கிள்ளிவிடுவதே முறை. கன்றின் சத்து வேருக்கும் கிளைக்கும் போக வேண்டும்.

முருங்கை விதை போட்டு வளர்த்ததாக இருந்தால், செடி இரண்டரை அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். பக்கக் கிளைகள் வரும்; காய் பறிக்கக் கைக்கெட்டும்; பின்னால் வரும் காற்றுக்கும் ஒடியாது. 1989-ல் பெரியகுளத்திலிருந்து வெளியான பி.கே.எம். 1 செடிமுருங்கை நட்ட ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். தையில் விதைத்தால் முதல் காய் ஆடியில் கிடைக்கக்கூடும்.

வேலியை மாசியிலேயே முடித்துவிட வேண்டும். கோடையில் கொறங்காட்டில் புல் காய்ந்துவிடும். மேய்ச்சல் கிடைக்காத ஆடுகளுக்கு ஊரில் பச்சையாகத் தெரிவது பொடக்காலிச் செடிதான். ஒரு வெள்ளாடு உள்ளே புகுந்தால் பத்தே நிமிடத்தில் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் மொட்டையாகிவிடும். கிளுவை வேலியில் ஓட்டை இருந்தால் வேலாமுள் வைத்து அடைத்துப் படலையும் இறுக்கிக் கட்ட வேண்டும்.

பங்குனி: மூடாக்கும் பாத்திக் குறைப்பும்

பங்குனி பிறந்ததும் மூடாக்குப் போட்டுவிட வேண்டும். வெயில் மண்ணைச் சுட்ட பிறகு போடுவதைவிட, மண்ணில் ஈரம் இருக்கும்போதே போடுவதுதான் பலன் தரும். நிலக்கடலைத் தொட்டி, கரும்புச் சோகை, வைக்கோல் கழிவு, வேப்பஞ்சருகு, சோளத்தட்டு என்று எது கிடைத்தாலும் சரி. நான்கு விரல் கனத்துக்குப் பரப்ப வேண்டும். தண்டைச் சுற்றி ஒரு சாண் இடைவெளி விடுவது முக்கியம். தண்டை ஒட்டிக் குவித்தால் கறையானும் அழுகலும் வரும். கறையான் தொந்தரவு உள்ள இடத்தில் மூடாக்குக்கு அடியில் இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குத் தூளைத் தூவலாம். தென்னங்குழியைச் சுற்றித் தேங்காய் மட்டைகளை உட்புறம் மேல்நோக்கி இருக்கும்படி அடுக்கிப் புதைத்தால் ஊற்றிய தண்ணீரை அவை பிடித்து வைத்துக்கொள்ளும்.

மா, எலுமிச்சைக்குப் பானைப் பாசனம் ஏற்றது. ஏழெட்டு லிட்டர் பிடிக்கும் புது மண்பானையைக் கன்றிலிருந்து ஓரடி தள்ளிக் கழுத்து வரை புதைத்து, தண்ணீர் நிரப்பி, மூடி போட்டுவிட வேண்டும். பானையின் சுவர் வழியாகத் தண்ணீர் கசிந்து வேருக்குப் போகும். மேல் மண் காய்ந்திருப்பதால் களையும் முளைக்காது. ஆவியாகிப் போவதும் குறைவு. சீன நாட்டில் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே இந்த முறை எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. பானையில் சோப்புத் தண்ணீர் ஊற்றக்கூடாது. நுண்துளை அடைத்துக்கொள்ளும்.

இந்த மாதத்தில்தான் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு பாத்தியைக் குறைக்க வேண்டும். தக்காளிக்கு இரவிலும் சூடு தணியாத நாள் வந்துவிட்டால் பூ பிடிக்காது, பூத்ததெல்லாம் உதிரும். விதை சரியில்லை என்றோ உரம் போதவில்லை என்றோ நினைத்து யூரியா போடுவோர் உண்டு. காய்ந்த மண்ணில் யூரியா போட்டால் வேர் கருகும், பூ நிற்காது. இருக்கும் காயைப் பறித்துக்கொண்டு தக்காளிச் செடியை அகற்றிவிடுவது மேல். அந்தச் செடியையே நறுக்கிக் கன்றுக்கு மூடாக்காகப் போடலாம். நோய் கண்ட செடியை மட்டும் எரித்துவிட வேண்டும்.

வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் கண்ட செடியை உடனே பிடுங்க வேண்டும். வெள்ளை ஈ அந்த நோயைப் பரப்பும். கத்தரிச் செடியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கவாத்து செய்துவிட்டு, வாரம் ஒருமுறை உயிர்த்தண்ணீர் மட்டும் காட்டி வந்தால், மழை கண்டதும் மறுபடி தழைத்துக் காய்க்கும். கொத்தவரை வெயில் தாங்கும். ஒரு பாத்தி நிற்கட்டும். கீரைக்கு நீளம் ஆறடி, அகலம் மூன்றடியில் ஒரு பாத்தி போதும். அதன் மேல் தென்னங்கீற்றால் மெல்லிய பந்தல் போட்டால் சித்திரையிலும் கீரை அறுக்கலாம். விதைத்த 25-ஆம் நாளில் கீரை கைக்கு வருவதால், கோடையில் குறைந்த தண்ணீரில் வீட்டுக்கு நிறைந்த பயன் தருவது அதுதான்.

சித்திரை: கத்திரி வெயில்

சித்திரை 21 வாக்கில் அக்கினி நட்சத்திரம் தொடங்கி, வைகாசி இரண்டாவது வாரம் வரை நீடிக்கும். கரூர்ப் பக்கத்தில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்கள் உண்டு. இக்காலத்தில் தோட்டத்தை இருவேளை சுற்றி வர வேண்டும்.

பிற்பகல் மூன்று மணிக்குப் பப்பாளி இலையும் பூசணி இலையும் தொங்குவதைக் கண்டு பதற வேண்டியதில்லை. வேர் உறிஞ்சுவதைவிட வேகமாக இலை தண்ணீரை இழப்பதால் அப்படித் தொங்கும். வெயில் சாய்ந்ததும் நிமிர்ந்துவிட்டால் மண்ணில் ஈரம் இருக்கிறது. விடியற்காலையிலும் இலை தொங்கியே இருந்தால்தான் ஆபத்து. அந்தச் செடிக்கு அன்றே தண்ணீர் வேண்டும். சந்தேகமாக இருந்தால் மூடாக்கை விலக்கி நான்கு விரல் ஆழத்தில் மண்ணை எடுத்துப் பிடித்துப் பார்க்கலாம். உருண்டை பிடித்தால் இன்னும் ஒருநாள் பொறுக்கும். பொலபொலவென்று உதிர்ந்தால் ஊற்ற வேண்டும்.

தண்ணீரை விடியற்காலையிலோ பொழுது சாய்ந்தோ விட வேண்டும். நாள்தோறும் ஒரு செம்பு தெளிப்பதைவிட, நாள் விட்டு நிறைய ஊற்றுவது நல்லது. மேலாகத் தெளித்தால் வேரும் மேலேயே படரும். பிறகு ஒருநாள் தண்ணீர் தவறினாலும் செடி வாடிவிடும்.

தென்னை, மா, கறிவேப்பிலைக் கன்றுகளுக்கு மேற்குப் பக்கமும் தென்மேற்குப் பக்கமும் கீற்று நட்டு நிழல் தர வேண்டும். பிற்பகல் வெயிலைத் தடுத்தால் போதும். கிழக்கு வெயிலும் காற்றோட்டமும் கன்றுக்குத் தேவையாதலால், நான்கு பக்கமும் மூடக்கூடாது. கறிவேப்பிலையில் முதல் ஆண்டு இலை ஒடிக்கக்கூடாது. தாளிக்க இரண்டு ஈர்க்கு என்று தொடங்கினால் செடி எழும்பாது.

சோப்புத் தண்ணீர் விஷயத்தில் கவனம் தேவை. துணி துவைத்த முதல் தண்ணீரில் சோடா உப்பு அதிகம். தொடர்ந்து ஊற்றினால் மண் இறுகி உவராகும். இரண்டாம், மூன்றாம் அலசல் தண்ணீரையும் குளியல் தண்ணீரையும் வாழைக்கும் தென்னைக்கும் விடலாம். அரிசி, காய் கழுவிய தண்ணீரைக் கீரைக்கும் கத்தரிக்கும் வைத்துக்கொள்ள வேண்டும்.

மருந்து வேண்டிய பூச்சி, வேண்டாத பூச்சி

கோடையில் சில பூச்சிகள் பெருகும். கத்தரி, வெண்டை இலையின் அடியில் மெல்லிய நூலாம்படையும், மேலே வெளிறிய புள்ளிகளும் தெரிந்தால் சிவப்புச் சிலந்திப் பேன். மிளகாயில் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன்; கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் மஞ்சள் சிலந்தி. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இலையடியில் தண்ணீரைப் பீச்சி அடித்தாலே பேனும் சிலந்தியும் குறையும். மிஞ்சினால் வேப்பங்கொட்டைச் சாறு அடிக்கலாம். லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து, துணியில் கட்டி, இரவு ஊற வைத்து, காலையில் பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் அடிக்க வேண்டும்.

எலுமிச்சை இலையில் பறவை எச்சம் போல ஒட்டியிருப்பது வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்னக் கன்றை நாலைந்து புழுக்களே மொட்டையாக்கிவிடும். காலையில் கையால் பொறுக்கினால் போதும்.

பப்பாளியில் வெள்ளைப் பஞ்சு போல மாவுப்பூச்சி கண்டால் பழைய நினைவில் மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். 2008-ல் கோவையில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, கொங்கு நாட்டில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் பாழாக்கியது. மருந்து அடித்து அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவி பெங்களூருக்குத் தருவிக்கப்பட்டு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வழியாகத் தோட்டங்களில் விடப்பட்டது. அதன் பிறகுதான் மாவுப்பூச்சி கட்டுக்குள் வந்தது. கடும் மருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். தாக்கிய இலையைக் கிள்ளி எடுத்துவிட்டு, தண்ணீர் பீச்சினால் போதும்.

2016-ல் பொள்ளாச்சிப் பக்கத்தில் தென்னையில் புகுந்த சுருள் வெள்ளை ஈக்கும் இதே விதி. ஓலையடியில் வெள்ளைச் சுருள்களும், கீழ் ஓலையில் கரும்பூசணமும் தெரியும். கன்றின் ஓலையடியில் தண்ணீர் அடித்துக் கழுவலாம். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாளையோ தகட்டையோ தொங்க விடலாம். இதற்கும் இயற்கையாகவே ஓர் ஒட்டுண்ணி இருக்கிறது. மருந்து அடிக்காமல் விட்டால் அது பெருகும்.

கறையானுக்கும் தென்னங்குழிக்கும் பி.எச்.சி. தூள் போடுவது அந்தக் காலத்து வழக்கம். பெரியவர்கள் இன்றும் அதைச் சொல்வதுண்டு. மண்ணிலும் உணவிலும் நஞ்சு தங்குவதால் 1997-லேயே அந்த மருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. பழைய பொட்டலம் எங்காவது கிடந்தாலும் தோட்டத்தில் போடக்கூடாது. நன்கு மக்கிய குப்பையும் வேப்பம் புண்ணாக்கும் இட்டு, குழியில் ஈரம் காத்தால் கறையான் குறையும். மக்காத சாணத்தைக் கன்றுக்கடியில் போடுவதே கறையானை விருந்துக்கு அழைப்பதாகும்.

வைகாசி: ஏமாற்றும் மழை

சித்திரைக் கடைசியிலோ வைகாசியிலோ இடியோடு ஒன்றிரண்டு கோடை மழை பெய்யக்கூடும். மழை பெய்த மறுநாள் தோட்டம் புத்துயிர் பெற்றது போல் தெரியும். அந்த மகிழ்ச்சியில் காலியாகக் கிடக்கும் பாத்தி முழுவதும் விதை போட்டுவிடக்கூடாது. மழை நின்றதும் காற்று தொடங்கிவிடும், முளைத்ததெல்லாம் வாடும்.

அந்த ஈரத்தைக் கன்றுகளுக்குப் பயன்படுத்திக்கொள்வதே அறிவுடைமை. மழை பெய்த மறுநாள் தென்னங்குழியில் சரிந்த மண்ணை வாரி எடுக்க வேண்டும். பப்பாளியின் அடியில் தண்ணீர் தேங்கினால் வாய்க்கால் வெட்டி வடிக்க வேண்டும். ஒரே இரவு தேங்கினாலும் பப்பாளித் தண்டு அழுகிச் சாயும். ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு கூடை மக்கிய குப்பையும் இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் இட்டு, மண் கிளறி, கரைந்துபோன மூடாக்கைப் புதுப்பிக்க வேண்டும். மழையால் முளைத்த களையை இளசாகப் பிடுங்கி மூடாக்கின் மேலேயே போட்டுவிடலாம்.

ஆனி, ஆடி: காற்றைத் தாங்குதல்

காற்றுக் காலத்தில் வானம் மேகமூட்டமாக இருக்கும். வெயில் இல்லையே என்று தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். கத்திரியில் தப்பிய கன்று ஆனியில் காய்வது பெரும்பாலும் இதனால்தான். காற்றிலும் மண் வேகமாக உலரும். விரலால் மண்ணைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். நிழலுக்கு மேற்கே நட்ட கீற்றை எடுக்காமல் இன்னும் இறுக்கிக் கட்டினால் காற்றுத் தடுப்பாகவும் உதவும்.

மாங்கன்றுக்கும் பப்பாளிக்கும் குச்சி நட்டு, பழந்துணியாலோ வாழை நாராலோ எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்ட வேண்டும். சணல் கயிற்றை இறுக்கிக் கட்டினால் பட்டை அறுந்துவிடும். வாழையில் பக்கக் கன்றுகளை அவ்வப்போது அறுத்துவிட்டு, அடியில் மண் அணைக்க வேண்டும். அடுத்த ஆண்டுக்கு இப்போதே நினைத்து, மேற்கு ஓரத்தில் அகத்தி விதையை வரிசையாக ஊன்றினால், அது காற்றையும் தடுக்கும். மாட்டுக்குத் தழையும், வீட்டுக்குக் கீரையும் தரும்.

தென்னங்கன்றின் குருத்தில் விசிறி போல வெட்டுக் கண்டால் காண்டாமிருக வண்டு. வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரண்டு பங்கும் கலந்து மட்டை இடுக்குகளில் போட வேண்டும். இந்த வண்டு முட்டையிடுவது பக்கத்தில் உள்ள குப்பைக் குழியில்தான். குப்பையைக் கிளறி வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போடலாம்.

வேப்பம்பழம் உதிரும் காலமும் இதுவே. குழந்தைகளை விட்டுப் பொறுக்கி, சதை நீக்கி, நிழலில் உலர்த்திச் சாக்கில் கட்டி வைத்தால் அடுத்த கோடைக்கு மருந்துச் செலவு இல்லை.

பப்பாளியில் இந்தச் சமயத்தில் பூ தெரியத் தொடங்கும். நீண்ட காம்பில் கொத்தாகத் தொங்கும் பூ ஆண் மரத்துக்குரியது, அது காய்க்காது. தண்டை ஒட்டிப் பருமனான பூ வந்தால் காய்க்கும் மரம். கோ. 2 போன்ற ரகத்தில் ஆண், பெண் தனித்தனி மரம். வீட்டுத் தோட்டத்துக்கு கோ. 3, கோ. 7 போன்ற இருபால் பூ ரகங்களே ஏற்றவை. காய்க்காத மரத்துக்குக் கோடை முழுவதும் தண்ணீர் ஊற்றிய கவலை அதில் இல்லை.

ஆடியில் கணக்கு

ஆடி பிறந்ததும் தோட்டத்துக்குக் கணக்குப் பார்க்க வேண்டும். எத்தனை கிலோ காய் பறித்தோம் என்பதை முதல் ஆண்டில் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. பதினான்கு கன்றில் எத்தனை உயிரோடு நிற்கின்றன என்பதே கணக்கு. பன்னிரண்டு நின்றாலும் நல்ல தோட்டம்தான். போன கன்று எதனால் போயிற்று என்று பார்த்து நாட்காட்டியின் பின்புறத்தில் குறித்து வைக்க வேண்டும். தண்ணீர் எட்டாத மூலையா, ஆடு கடித்ததா, கறையானா, தேங்கிய தண்ணீரா என்று தெரிந்தால்தான் அந்தக் குழியில் மறுபடி அதே கன்றை வைக்கலாமா என்று முடிவு செய்ய முடியும். கறையானில் போன குழியில் மண்ணை மாற்ற வேண்டும். தண்ணீர் எட்டாத குழியில் முருங்கையோ சீதாவோ வைக்கலாம். தண்ணீர் தேங்கிய குழி வாழைக்கு ஆகும், பப்பாளிக்கு ஆகாது. காலி இடத்துக்குக் கன்று வைப்பதை ஐப்பசி மழை வரை தள்ளிப் போடுவது நல்லது. அப்போது வைத்த கன்று அடுத்த கோடைக்குள் நன்றாக வேர் இறங்கியிருக்கும்.

கால் சென்ட்டாகச் சுருங்கிய பாத்தியை இப்போது மெல்ல விரிக்கலாம். ஆடிப் பட்டத்துக்கு அவரை, புடலை, பீர்க்கை ஏற்றவை. காற்றுத் தணிந்து தண்ணீர் இருக்கும் அளவுக்கு ஒரு பந்தல் போட்டால், புரட்டாசி, ஐப்பசியில் காய் பறிக்கலாம். கவாத்து செய்த கத்தரிக்கு ஒரு கூடைக் குப்பை வைத்து மண் அணைத்தால் தழைத்து வரும்.

இரண்டாவது கோடையில் வேலை பாதியாகக் குறையும். அதற்குள் மாவும் எலுமிச்சையும் ஆழத்து ஈரத்தைத் தேடிப் போயிருக்கும்; முருங்கை காய்த்துக்கொண்டிருக்கும்; வாழை நிழலில் கீரைப் பாத்திக்கு இடம் கிடைக்கும். முதல் ஆண்டில் கன்றுக்கு ஒதுக்கிய ஐந்து குடத்தில் ஒரு பகுதி அப்போது காய்கறிக்கு மிஞ்சும். பாத்தியும் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் பெரிதாகும்.